அச்சில் ஒரு நடை, இயந்திரத்தில் ஒரு நடை

சென்ற ஆண்டு தவக்காலம் பிறப்பதற்குச் சில நாள்கள் முன்னர், திருத்தணிக்கு அண்மையில் நம் பங்கைச் சேர்ந்த கிளைச் சிற்றூர் ஒன்றில் முதிய உபதேசியார் ஒருவர் இறைவனடி சேர்ந்தார். குருவானவர் வர இயலாத ஞாயிறுகளில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வித்தவர் அவர். சிறுவர்களுக்கு மந்திரங்களும் பாடல்களும் கற்பித்தவர். நோயுற்றோர் வீட்டிற்கு முதலில் தாம் சென்று, பின்னர் நமக்குச் சொல்லியனுப்பியவர். அவருக்கு அடக்கத் திருப்பலி நிறைவேற்றும் கடமை நமக்கு வாய்த்தது. திருப்பலி முடிந்ததும் இளைஞர் அறுவர் பெட்டியைத் தோளில் ஏற்றினர். சிற்றாலயத்திலிருந்து கல்லறைத் தோட்டம் அரைக் கிலோமீட்டர் தொலைவு. பாடகர் குழுவினர் பாடிக்கொண்டு முன்னே சென்றனர்.

அவர்கள் பாடியது பழைய பாடல். உபதேசியாரே ஊராருக்குக் கற்பித்தது. ஆயினும் அன்று அப்பாடல் விரைந்து ஓடிற்று. பாட்டு விரைந்ததும் பெட்டியைச் சுமந்தவர்களின் கால்களும் தம்மையறியாமல் விரைந்தன. நாமும் விரைந்தோம். கல்லறைக் குழியை மந்திரிக்க நூலைத் திறந்து நிமிர்ந்தபோதுதான் உபதேசியாரின் மனைவி அங்கில்லை என்பதைக் கண்டோம். முழங்கால் நோயுற்ற அந்த அம்மையார் பேத்தியின் தோளைப் பற்றிக்கொண்டு வெகு பின்னால் வந்துகொண்டிருந்தார். அனைவரும் காத்து நின்றோம். வந்து சேர்ந்தவர் அழவில்லை. சற்று மூச்சு வாங்கியபின் நம்மை நோக்கி, "நாப்பத்தெட்டு வருசமா அவரு பின்னாலயே நடந்தவ சாமி நானு. கடைசி நடையில மட்டும் என்னை உட்டுட்டுப் போயிட்டாரே" என்றார்.

அவர் விட்டுச் செல்லவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நாம். அதற்குக் காரணம் யாதென ஆராய்ந்தபோது, குற்றம் பாடகர் குழுவினுடையது அன்று, நம்முடையதே என்பது தெளிவாயிற்று. பிற பங்குகளில் பாடல் கற்பிப்போரும் இதனை அறிந்து தவிர்த்துக்கொள்ளல் வேண்டும் என்பதற்காகவே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

நடந்தது இதுதான். பழைய பாடல்களை அறிந்த முதியோர் ஒருவர்பின் ஒருவராய் மறைந்து வருகின்றனர். இசைத் தேர்வுகளுக்காக ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பைக் கற்கும் பிள்ளைகள் சிலர் நம் பங்கில் இருக்கின்றனர். குருமடத்தில் நாமும் அதனைக் கற்றிருந்தோம். ஆதலின் உபதேசியார் உடல்நலத்துடன் இருந்த நாளில் அவர் பாடக் கேட்டு, அவ்வடக்கப் பாடலைக் கணினியில் சுரக்குறிப்பாகப் பதித்தோம். இதற்கு நாம் பயன்படுத்தியது மியூஸ்ஸ்கோர் என்னும் மென்பொருள். ஜெர்மானியரான வெர்னர் ஷ்வேயர் என்பார் 2002ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சி அது; விலையின்றிக் கிடைப்பது. அதில் சுரங்களைப் பதித்தால் இரண்டு பயன்கள் உண்டு. ஒன்று, அச்சிட்ட தாள். மற்றொன்று, அத்தாளைக் கணினியே வாசித்துக் காட்டும் ஒலி. தாளைப் படிக்கத் தெரியாதவர்களே பாடகர் குழுவில் மிகுதி. எனவே ஒலிக்கோப்பை உருவாக்கி அவர்களுடைய கைப்பேசிகளுக்கு அனுப்பினோம். அவர்களும் கேட்டுக் கேட்டுப் பழகினர்.

சுரங்களில் பிழையில்லை, சொற்களிலும் பிழையில்லை. பாடலின் வேகத்தை மட்டும் நாம் குறிக்க மறந்தோம். வேகம் குறிக்கப்படாத பாடலை அம்மென்பொருள் நிமிடத்திற்கு 120 கிராட்செட் என்னும் கணக்கில் வாசிக்கும். எந்தப் பாடலாயினும் சரி, தாலாட்டாயினும் ஒப்பாரியாயினும் சரி, சொல்லாவிடில் 120தான். நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 அடி என்பது படைவீரர்களின் விரைநடை அணிவகுப்புக்கு உரிய வேகம். நம் உபதேசியாரை அந்த நடையில்தான் கல்லறைக்குக் கொண்டு சென்றோம்.

இசைவாணர் 'நடை' என்னும் சொல்லைத் தாளத்தின் உட்பிரிவுக்கு வழங்குவர். வேகத்தைக் காலப்பிரமாணம் என்பர். நாம் இக்கட்டுரையில் பொதுமக்கள் வழக்கையொட்டி, பாட்டு நடக்கும் வேகத்தையே நடை என்கிறோம். அந்நடையை மனிதர் எதைக்கொண்டு அளந்தனர் என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். தமிழ் இலக்கணத்தார் எழுத்தின் மாத்திரையை அளக்கக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் கொண்டனர். புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் பதினொன்றாம் பகுதியில் காலம் என்பது யாதென்று ஆராயுமிடத்து, புனித அம்புரோசியார் இயற்றிய பாடலின் ஓரடியை எடுத்துக்கொண்டு, அதன் குறிலையும் நெடிலையும் அளந்து பார்க்கிறார். ஜெர்மானியப் புல்லாங்குழல் மேதை குவான்ட்ஸ் 1752இல் வெளியிட்ட நூலில், நலமுள்ள மனிதனின் நாடித்துடிப்பை நிமிடத்திற்கு ஏறத்தாழ 80 என வைத்து, அதைக்கொண்டு பாட்டின் வேகத்தை வகுத்தார். கண்ணும் கையும் நாவும் நாடியுமே அன்று அளவுகோல்கள்.

அதன்பின் இயந்திரம் வந்தது. ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த விங்கெல் என்பார் கண்ட அமைப்பைத் தழுவி மெட்ரோநோம் என்னும் கருவிக்கு மெல்ட்செல் என்பார் 1815இல் காப்புரிமை பெற்றார். இசைமேதை பீத்தோவன் அதனை மகிழ்ந்து வரவேற்று, தம் சிம்பொனிகள் எட்டுக்கும் 1817இல் வேக எண்களை வெளியிட்டார். ஆயினும் அக்காலத்திலேயே தம் பாடல் ஒன்றின் கையெழுத்துப்படியில் எண்ணைக் குறித்துவிட்டு, அது தொடக்க அடிகளுக்கு மட்டுமே பொருந்தும், உணர்ச்சிக்கும் தனியொரு வேகம் உண்டு என்னும் கருத்தையும் அவர் எழுதிவைத்தார். எண் வேண்டும், எண் மட்டும் போதாது. இவ்விரண்டையும் அம்மேதை ஒருங்கே அறிந்திருந்தார்.

நம் திருத்தணிக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் இம்மலைக்கு வந்திருந்தபோது முதியவர் ஒருவர் தோன்றி அவர் வாயில் கற்கண்டு இட்டார் என்றும், அப்போது மாயாமாளவகௌளை இராகத்தில் பிறந்த 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்பதே அவருடைய முதற்பாடல் என்றும் இந்து சகோதரர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அவருடைய பாடல்கள் நெடுங்காலம் குரு சீட மரபில் வாய்வழியாகவே வாழ்ந்தன. 1892ஆம் ஆண்டளவில் சின்னசுவாமி முதலியார் என்னும் கிறிஸ்தவ அறிஞர் நம் நாட்டு இசையை ஐரோப்பியச் சுரக்குறிப்பில் அச்சிடும் அரும்பணியைச் சென்னையில் மேற்கொண்டார். எட்டயபுரத்தில் வாழ்ந்த சுப்பராம தீட்சிதரைத் தம் குடும்பச் செல்வத்தை நூலாக்குமாறு தூண்டியவர்களுள் அவரும் ஒருவர். அதன் பயனாக 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. இராகத்தின் பெயர், தாளத்தின் பெயர், கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் என அந்நூலில் நுணுக்கங்கள் நிறைய உள்ளன. ஆனால் நிமிடத்திற்கு இத்தனை என்னும் எண் இல்லை.

ஏன் இல்லை? அது வேண்டப்படவில்லை. ஏட்டுக்குப் பக்கத்தில் ஆசிரியர் அமர்ந்திருப்பார் என்று நூல் நம்பிற்று. அவர் தொடையில் தட்டும் தட்டே காலப்பிரமாணம். 'சுருதி மாதா, லயம் பிதா' என்பர் நம் நாட்டார். பிதாவைத் தாளில் அச்சிட வேண்டுவதில்லை. அவர் வீட்டில் இருக்கிறார்.

இதை எண்ணியபோதுதான் நம் பிழையின் வேர் நமக்குப் புலப்பட்டது. அவ்வடக்கப் பாடலின் காலப்பிரமாணம் உபதேசியார். அவர் இருந்தவரை வேகத்தை எவரும் எழுதிவைக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கை தாழும்போது ஊரார் பாடுவர், உயரும்போது மூச்சு வாங்குவர். அவர் மறைந்த அன்றுதான் அப்பாடல் முதன்முதலாக அவரின்றிப் பாடப்பட்டது. காலியாயிருந்த அந்த இடத்தில் இயந்திரம் வந்து அமர்ந்தது. நாம் வெற்றிடமாக விட்டதை அது தன் எண்ணால் நிரப்பிற்று.

நிற்க. குறையை நாம் எங்ஙனம் திருத்தினோம் என்பதைச் சொல்ல வேண்டும். முதலில் கணினியிடம் செல்லவில்லை, முதியோரிடம் சென்றோம். ஒரு ஞாயிறு பூசை முடிந்தபின், அச்சிற்றூரின் மூதாட்டியர் ஐவரைச் சிற்றாலயத்தின் திண்ணையில் அமர்த்தி அப்பாடலைப் பாடச் சொன்னோம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, 15 நொடியில் எத்தனை தட்டுகள் விழுகின்றன என்று எண்ணினோம். முதல் முறை 14. நான்கால் பெருக்கினால் நிமிடத்திற்கு 56. சற்று இளைப்பாறிப் பாடிய இரண்டாம் முறை 13, அதாவது 52. இயந்திரம் வாசித்ததில் பாதிக்கும் குறைவு! மூன்றாம் அடியின் இறுதியில் ஐவரும் சொல்லிவைத்தாற்போல் ஒருங்கே தயங்கி மூச்சு வாங்கியதையும் குறித்துக்கொண்டோம்.

இனி அச்சுக்கும் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டிற்கு வருவோம். அம்மென்பொருளில் பாடலின் முதற் சுரத்தைத் தேர்ந்துகொண்டு டெம்போ குறியை இட்டால், நாம் எழுதுவது தாளில் அச்சாகும். கிராட்செட் குறியும் சமன்குறியும் 56 என்னும் எண்ணும் எழுதினால், அச்சும் ஒலியும் ஒன்றாகவே அமையும். எழுதியதை இயந்திரம் படித்து அப்படியே பின்பற்றும். ஆனால் நமக்கு ஓர் எண் போதவில்லை. 52க்கும் 56க்கும் இடையே எதுவாயினும் தகும் என்று பாடுவோரிடம் சொல்ல விரும்பினோம். மனிதருக்கு அது விளங்கும். இயந்திரத்திற்கோ ஒற்றை எண்தான் வேண்டும். இதற்கும் வழியுண்டு. அக்குறியின் பண்புகள் பகுதியில், எழுதிய வேகத்தைப் பின்பற்றுக என்னும் கட்டளை குறியிடப்பட்டிருக்கும். அந்தக் குறியை நீக்கிவிட்டு, ஒலிக்குரிய எண்ணை அருகிலேயே தனியாகக் கொடுக்கலாம். நாம் 54 என்று கொடுத்தோம். தாளில் ஒரு சொல், இயந்திரத்திற்கு ஓர் எண். ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது.

மூன்றாம் அடியின் இறுதித் தயக்கத்திற்கு 44 என்று ஒரு குறியும், நான்காம் அடியின் தொடக்கத்தில் மீண்டும் 54 என்று ஒரு குறியும் இட்டோம். இவ்விரண்டும் தாளில் தெரிந்தால் பாடுவோர் மருளுவர். ஆகையால் அவற்றைத் தெரியாதபடி மறைத்துவிட்டோம். மறைத்த குறி கணினித் திரையில் மங்கலாய்த் தோன்றும், அச்சில் வராது, ஆயினும் இயந்திரம் அதற்குக் கீழ்ப்படியும். 2022 டிசம்பரில் வெளிவந்த நான்காம் பதிப்பு முதல், படிப்படியாக வேகம் தாழ்தலையும் உயர்தலையும் குறிக்கும் கோடுகளையும் அம்மென்பொருள் ஒலியில் பின்பற்றுகிறது என்பதையும் விரும்புவோர் அறிந்துகொள்வாராக.

மற்றொரு பள்ளத்தையும் காட்டிவிடுகிறோம். கிறிஸ்து பிறப்புத் தாலாட்டுகள் பல ஆறெட்டுத் தாளத்தில் அமைவன. அவற்றில் ஒரு தட்டு என்பது புள்ளியிட்ட கிராட்செட். புள்ளியை மறந்து, வெறும் கிராட்செட்டுக்கு 60 என்று எழுதிவிட்டால், பாட்டு மூன்றில் இரு பங்கு வேகத்தில் இழுபடும். குழந்தை இயேசு தூங்குமுன் பாடகர் தூங்குவர். அதுபோன்றே, பயிற்சிக்காக ஒலியின் வேகத்தை நூற்றுக்கு 75 என்று குறைத்துக் கேட்கும் வசதியும் அங்கே உண்டு. அது கேட்போரின் வசதிக்கே. அதனால் தாளில் அச்சிட்ட வேகம் மாறுவதில்லை.

தாளில் எந்தச் சொல்லை அச்சிடுவது என்பதில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. இத்தாலியச் சொற்கள் ஊராருக்கு விளங்கா. 'மெதுவாக' என்றால் இளைஞர் அதனைச் சோம்பலென்று கொள்வர். திருத்தணி 1960 ஏப்ரல் 1 முதல் தமிழகத்தோடு இணைந்த ஊர், எல்லை ஓரம், நம் பங்கிலும் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் உள. அத்தகைய வீட்டுப் பையன் ஒருவன், "எங்க வீட்டுல 'நெம்மதிகா'ன்னு சொல்வாங்க சாமி. மெதுவான்னு அர்த்தம்" என்றான். நமக்குச் சட்டென்று ஒரு கதவு திறந்தாற்போல் இருந்தது. தெலுங்கில் மெதுவைக் குறிக்கும் அச்சொல்லே தமிழில் நிம்மதி என்று மன அமைதியைக் குறிக்கிறதன்றோ? அடக்கப் பாடலுக்கு இதனினும் பொருத்தமான வேகக்குறி வேறு எது? 'நிம்மதியாக, 52 முதல் 56 வரை' என்றே அச்சிட்டோம்.

உபதேசியாரின் ஆண்டு நினைவுத் திருப்பலி அண்மையில் நிறைவேறிற்று. பாடகர் குழுவினர் புதிய ஒலிக்கோப்பைக் கேட்டுப் பழகி வந்திருந்தனர். பூசை முடிந்து கல்லறைக்குப் புறப்பட்டோம். 54 என்று நாம் வகுத்திருந்த வேகத்தில்தான் பாடல் தொடங்கிற்று. பத்தடி செல்லுமுன், குழுவை நடத்திய பெண் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மையார் ஒரு கையில் கோலும் மறுகையில் பேத்தியுமாய் வந்துகொண்டிருந்தார். அப்பெண் கைப்பேசியை அணைத்துப் பையில் இட்டுவிட்டு, பின்னால் சென்று அவரருகில் நடக்கத் தொடங்கினாள். பாட்டு அவருடைய கோலின் தட்டுக்கு இறங்கி வந்தது. நாம் எண்ணிப் பார்க்கவில்லை. 50க்கும் கீழாகவே இருந்திருக்கும். நாம் இட்ட எண் அன்று தவறாயிற்று. அது தவறியதில் நமக்கு மகிழ்ச்சியே. அம்மையார் நான்கு அடிகளையும் பாடினார். கல்லறை வாசலில் நம்மைக் கண்டு, "இன்னிக்குக் கூடவே வந்தேன் சாமி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நம் ஊர் மலைக்கு 365 படிகள். ஆண்டின் இறுதி இரவில் இந்து சகோதரர்கள் படிதோறும் விளக்கேற்றிப் பாடிக்கொண்டு ஏறுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். படிகள் எல்லார்க்கும் ஒன்றே. சிறுவன் இரண்டிரண்டாய்த் தாவுகிறான், பாட்டி ஒவ்வொன்றிலும் அமர்ந்து எழுகிறார். சுரக்குறிப்பு என்பது படிகளைப் போன்றது. படிகளைச் செவ்வையாய்க் கட்டுதல் நம் கடமை. எவருடன் ஏறுகிறோம் என்பதைப் பார்த்து நடத்தலும் நம் கடமையே. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனமும், 1967இல் வெளிவந்த திரு இசை பற்றிய போதனையும் மக்கள் அனைவரும் பங்குகொண்டு பாடுதலை வலியுறுத்துகின்றன. மூச்சுத் திணறும் மூதாட்டியை விட்டுவிட்டு மக்கள் அனைவரும் என்று சொல்லுதல் எங்ஙனம் தகும்?

குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே! இது பாடகர் குழுவுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. மாலையில் நம் இல்லங்களில் சொல்லும் செபமாலை எந்த நடையில் செல்கிறது? தொலைக்காட்சித் தொடர் தொடங்குமுன் முடிக்க வேண்டும் என்று 120இல் ஓடுகிறதோ? வீட்டுப் பாட்டியின் பதிலுரை முடியுமுன் அடுத்த மங்கள வார்த்தை செபம் தொடங்கிவிடுகிறதோ? நாம் எண் குறிக்காமல் விட்ட இடத்தையெல்லாம் இவ்வுலகம் தன் எண்ணால் நிரப்பிவிடும்.

எம்மாவுசுக்குச் சென்ற சீடர் இருவரும் வாடிய முகத்துடன் நடந்தனர். வாடியவர் விரைந்து நடப்பதில்லை. உயிர்த்த ஆண்டவரோ அவர்களை முந்திச் செல்லவில்லை. அவர்களோடு சேர்ந்து, அவர்கள் நடையிலேயே நடந்தார். அவர்களுடைய கண்கள் திறந்த பிறகே அவர்கள் எருசலேமுக்கு விரைந்தனர். அந்த ஆண்டவர் நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் உடன் நடப்பாராக. பிந்தி வருவோருக்காகக் காத்து நிற்கும் பொறுமையை நமக்கும் அருள்வாராக.